ஒன்றையொன்று தொடாத இரண்டு கட்டடங்கள்: லிக் வானாய்வகம் மலையுச்சியில் எழுந்த விதம்

கேள்வி: "மகளைக் கூட்டிக்கொண்டு கொடிமலை ரயிலில் போய் வந்தேன். 'பெரிய டெலஸ்கோப் எல்லாம் மலை மேலதான் இருக்குமாமே, நம்ம பினாங்கு மலையில ஏன் இல்ல?' என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிரேன், லாரி இல்லாத காலத்தில் அவ்வளவு எடையை எப்படி மேலே ஏற்றினார்கள்? மலைக்காற்றில் அது ஆடாமல் எப்படி நிற்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்."

மூன்று கேள்விக்கும் ஒரே இடத்தை வைத்துப் பதில் சொல்லலாம். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துக்குக் கிழக்கே ஹாமில்டன் மலையில் இருக்கும் லிக் வானாய்வகம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 அடி. 1888-இல் வேலையைத் தொடங்கியது. வருடம் முழுக்க ஆட்கள் அங்கேயே குடியிருந்து வானத்தைப் பார்த்த முதல் மலையுச்சி வானாய்வகம் அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வானியல் படித்தவன் அல்ல. பினாங்கில் பிறை என்ற ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கனரக இயந்திரங்களுக்கு அஸ்திவாரம் போட்டே காலத்தை ஓட்டியவன். அதனால் என் கண் நட்சத்திரத்துக்குப் போகாது, தூணுக்குத்தான் போகும். அந்தக் கண்ணால் பார்த்தால், வானாய்வகம் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு கட்டடம். உள்ளே இருப்பது தொலைநோக்கியைத் தாங்குகிறது, வெளியே இருப்பது மனிதர்களையும் கூரையையும் தாங்குகிறது. இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மற்ற சிக்கலெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது.

முதலில், மலை எதற்கு? நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் பக்கமாகப் போகலாம் என்று யாரும் மலை ஏறவில்லை. பிரச்சினை காற்றுதான். உச்சி வெயிலில் தார் ரோட்டைப் பார்த்தால் தூரத்தில் வரும் காடி நெளிவது போல் தெரியும் இல்லையா, இரவிலும் அதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சூடும் குளிருமாகக் கலந்த காற்றுப் படலங்கள் வழியாக வரும் ஒளி துள்ளுகிறது. தொலைநோக்கி எவ்வளவு பெரிதோ அந்தத் துள்ளலும் அவ்வளவு பெரிதாகத் தெரியும். கலிபோர்னியாக் கரையில் பசிபிக் கடல் குளிர்ந்தது. அதன் மேல் குளிர்ந்த, கனமான காற்று தாழ்வாகப் படிந்து கிடக்கும். மூடுபனியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தாண்டி நிற்கும் மலையுச்சிக்கு மேலே காற்று அமைதியாக நகரும். இதை யாரும் ஊகித்து முடிவு செய்யவில்லை. 1879-இல் ஷெர்பர்ன் வெஸ்லி பர்ன்ஹாம் என்ற இரட்டை விண்மீன் நிபுணர் தன் 6 அங்குலத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு மாதம் மலையிலேயே தங்கி, இடம் தேறுமா என்று சோதித்துச் சொன்னார். மண் பரிசோதனை செய்யாமல் பைலிங் அடிக்கக் கூடாது என்பது போன்ற ஒழுங்கு. இன்றைக்கும் எந்தப் பெரிய வானாய்வகமும் இந்தச் சோதனை இல்லாமல் தொடங்குவதில்லை.

பணம் கொடுத்தவர் ஜேம்ஸ் லிக். தச்சு வேலையும் பியானோ செய்யும் தொழிலும் தெரிந்தவர். தென் அமெரிக்காவில் வருடக்கணக்கில் பியானோ செய்து விற்றுவிட்டு, 1848 தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். அங்கே தங்கம் கிடைத்த செய்தி பரவி ஊர் வீங்குவதற்குச் சற்று முன்னால் நிலமாக வாங்கிப் போட்டார். கடைசிக் காலத்தில், நகரத்தின் நடுவே தனக்காக எகிப்துப் பிரமிடைவிடப் பெரிய பிரமிடு கட்ட வேண்டும் என்று ஒரு யோசனை வைத்திருந்தார். நல்லவேளை, விஷயம் தெரிந்தவர்கள் பேசி அதைத் தொலைநோக்கிப் பக்கம் திருப்பினார்கள். 7 லட்சம் டாலர் ஒதுக்கினார். அதுவரை செய்த எந்தத் தொலைநோக்கியையும்விடச் சக்தி வாய்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் பத்திரத்தில் எழுதி வைத்த நிபந்தனை.

இன்னொரு நிபந்தனையும் போட்டார். உச்சி வரைக்கும் முதல்தரமான சாலையை அந்த மாவட்ட நிர்வாகம் போட்டுத் தர வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்தச் சாலைதான். கிரேன் இல்லை, லாரி இல்லை. இருந்தது குதிரையும் கோவேறு கழுதையும் பூட்டிய வண்டி. பாரம் ஏற்றிய வண்டியை ஒரு விலங்கு மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்க வேண்டுமானால் சரிவு எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டு, 100 அடிக்கு 6½ அடிக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்தார்கள். நம் கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து ஏறும் ஜீப் சாலையில் நடந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். அங்கே சராசரிச் சரிவே இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில வளைவுகளில் முட்டி கழன்றுவிடும். ஹாமில்டன் மலையில் சரிவைக் குறைத்ததற்கு விலை, நீளமும் வளைவும். சான் ஹோசேயிலிருந்து 20 மைலுக்கு மேல் பாம்பு போல நெளிந்து போகிறது அந்தச் சாலை. வருடத்தில் எத்தனை நாளோ அத்தனை வளைவு என்று ஊரில் ஒரு கதை உண்டு. நம்மூரில் 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் நேர் எதிரான வழி: செங்குத்தாகப் போ, விலங்கை விட்டுவிட்டுக் கம்பிவடத்தை நம்பு. இரண்டும் சரியான பொறியியல்தான். ஆட்களை ஏற்ற நம் வழி நல்லது. ஒரே துண்டாக நீண்டு கிடக்கும் இரும்பை ஏற்ற அவர்கள் வழி.

சாலை 1876 கடைசியில் முடிந்தது. லிக் அதே வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி காலமாகிவிட்டார், சாலையைப் பார்க்கவில்லை.

உச்சி என்பது கூர்மையான இடம். அதன் மேல் கட்டடத்தை வைக்க முடியாது. 1880-இல் வெடி வைத்துத் தட்டையாக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். ஏறத்தாழ 70,000 டன் பாறையை உடைத்துத் தள்ளி, மலையின் உயரத்தையே 30 அடி அளவுக்குக் குறைத்தார்கள். உயரம் வேண்டும் என்று மலைக்குப் போய், அங்கே உயரத்தைக் குறைப்பது வேடிக்கைதான். ஆனால் இதில் லாபம் என்னவென்றால், மேலே சிதைந்து கிடந்த பாறை போய், கீழே இறுகிய தாய்ப்பாறை வெளியே வந்தது. தூணை நேரே அதன் மேல் உட்கார வைக்கலாம்.

செங்கல்லைக் கீழேயிருந்து சுமந்து வரவில்லை. மலையிலேயே களிமண் கண்டுபிடித்து, அங்கேயே அறுத்து, அங்கேயே சூளை வைத்துச் சுட்டார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஊற்றுத் தண்ணீரும் கிடைத்தது. தண்ணீர் கிடைக்காமல் போயிருந்தால் திட்டமே நின்றிருக்கும் என்பது என் எண்ணம். குடிக்கவும் சாந்து குழைக்கவும் மட்டும் இல்லை, பின்னால் இயந்திரம் ஓட்டவும் அந்தத் தண்ணீர்தான் உதவியது. இந்த வேலைகளை எல்லாம் மலையிலேயே இருந்து மேற்பார்வை பார்த்தவர் தாமஸ் ஃபிரேசர். லிக் அறக்கட்டளையின் தலைவராக இருந்து பணத்தையும் ஒப்பந்தங்களையும் நடத்தியவர் கேப்டன் ரிச்சர்ட் ஃபிளாய்ட். வானியல் வரலாற்றில் இவர்கள் பெயர் அடிக்குறிப்பாகத்தான் வரும். எனக்கு என்னவோ இவர்கள்தான் கதாநாயகர்கள்.

இனி தூண். உங்கள் மூன்றாவது கேள்வி.

லிக்கின் பெரிய தொலைநோக்கிக்கு 36 அங்குல லென்ஸ், 57 அடி நீளக் குழாய். கோட்பாட்டின்படி அந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் 0.13 விகலை அளவு. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒன்று ஒரு விகலை. 57 அடிக் குழாயின் ஒரு முனை அந்தக் கோண அளவுக்கு நகர வேண்டுமானால் எவ்வளவு அசைய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு அசைந்தாலே போதும், லென்ஸுக்குக் கொடுத்த காசு வீண். ஒருவர் தரையில் நடந்தாலே அதைவிட அதிகம் அதிரும்.

அதனால் தூண் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் நிற்பதில்லை. பாறையிலிருந்து தனக்கென்று தனி அடித்தளம், அதன் மேல் வார்ப்பிரும்புத் தூண். சுற்றிலும் தரை இருக்கும், ஆனால் தரைக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி. சுவரில் காற்று மோதட்டும், கும்மட்டம் உருளட்டும், ஆட்கள் நடக்கட்டும், அந்த அதிர்வு கீழே பாறைக்குள் இறங்கிச் செத்துப்போகும், தூணுக்கு ஏறாது. நானும் நுண்ணிய அரைக்கும் இயந்திரங்களுக்கு இதே வேலையைத்தான் செய்தேன்: தனி கான்கிரீட் மேடை, சுற்றிலும் ஒரு விரல்கடை வெட்டு, அதற்குள் குப்பை விழாமல் மூடி. எங்கள் தொழிலில் அந்த வெட்டுக்குள் யாராவது சிமெண்டுக் குழம்பைக் கொட்டிவிட்டால் சண்டையே வரும். ஒரு சிட்டிகைக் கல் இடையில் மாட்டினாலும் இரண்டு கட்டடமும் ஒன்றாகிவிடும்.

இந்த யோசனை லிக்குக்கும் முந்தியது, நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த மதராஸ் வானாய்வகத்துக்காக நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 15 அடி உயரம், ஏறத்தாழ 10 டன். அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கட்டடம் போய்விட்டது, தூண் இருக்கிறது.

லிக் தூணுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. 1887 ஜனவரியில் ஜேம்ஸ் லிக்கின் உடலைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கொண்டு வந்து, அந்தத் தூணின் அடித்தளத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அங்கே ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. பிரமிடு கேட்ட மனிதருக்கு, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய லென்ஸ் தொலைநோக்கி நடுகல்லாகக் கிடைத்தது.

தூண் சரியானதும் அடுத்த சிக்கல் வருகிறது: பார்க்கிற ஆள் எங்கே நிற்பது? 57 அடிக் குழாய் ஏறக்குறைய நடுவில் மாட்டித் திரும்புகிறது. தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது கண் வைக்கும் முனை கீழே வந்துவிடும். தொடுவானத்துக்குப் பக்கமாகப் பார்க்கும்போது அதே முனை 25 அடிக்கு மேல் உயர்ந்துவிடும். அதற்கு முன்பெல்லாம் ஏணிதான். ராத்திரி இருட்டில், குளிரில், ஏணி உச்சியில் தொங்கிக்கொண்டு மணிக்கணக்காக அளவெடுக்க வேண்டும். விழுந்தவர்களும் உண்டு. டப்ளினில் தொலைநோக்கி செய்துகொண்டிருந்த ஹோவர்ட் கிரப் கொடுத்த யோசனை எளிமையானது: ஆளை ஏற்றாதே, தரையையே ஏற்று. 60 அடிக்குச் சற்று கூடுதலான விட்டமுள்ள முழு வட்டத் தரையும் 16½ அடி ஏறி இறங்கும். ஹைட்ராலிக் பிஸ்டன்கள், உயரத்தில் தேக்கி வைத்த தண்ணீரின் அழுத்தம்தான் அவற்றைத் தள்ளியது. மின்சாரம் இல்லாத மலையுச்சியில் ஒரு முழு அறையையே லிஃப்ட் ஆக்கிவிட்டார்கள். இதில் எனக்கு வியப்பு தூக்கும் சக்தி இல்லை. அதைச் சரிக்கட்ட எதிர் எடை போட்டுவிடலாம். அவ்வளவு அகலத் தரையைச் சாயாமல், நடுவில் நிற்கும் தூணை எந்தப் பக்கமும் உரசாமல் மேலே கொண்டு போவதுதான் கடினம். ஒரு மூலை பிந்தினாலும் தரை சாய்ந்து இறுகிக்கொள்ளும்.

தூணின் தலையில் இருப்பது கிளீவ்லாந்தின் வார்னர் அண்ட் ஸ்வேசி நிறுவனம் செய்த தாங்கி. பூமி சுழல்வதால் விண்மீன் ஒரு நொடிக்கு 15 விகலை வரை நகரும். அதைத் துரத்த, பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை வைத்து, எடை இறங்கி ஓட்டும் கடிகார இயந்திரத்தால் குழாயை மெல்லத் திருப்புவார்கள். அந்த அச்சு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. லிக்கில் 37 பாகைக்குச் சற்று மேல். அதே இயந்திரத்தைப் பினாங்குக்குக் கொண்டு வந்தால் 5½ பாகைக்கும் குறைவு. அதாவது அச்சு ஏறக்குறையப் படுத்துவிடும். தூணின் தலையையே வேறு மாதிரி வார்க்க வேண்டும்.

கும்மட்டம் 75 அடி விட்டம், நகரும் பகுதி மட்டும் ஏறத்தாழ 100 டன். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் அயர்ன் வொர்க்ஸ் என்ற இரும்புப் பட்டறை செய்து கொடுத்தது. உருண்டையாக இருப்பது அழகுக்கு இல்லை. குழாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்காமல் இருக்க வேண்டும், பார்க்கும் பக்கம் மட்டும் ஒரு நீளத் திறப்பு வேண்டும், அந்தத் திறப்பு எந்தத் திசைக்கும் உருள வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தால் அரைக்கோளம்தான் வரும். மலைக்காற்றுக்கும் அதுவே நல்ல வடிவம். நிறுவன அலுவலகங்களும் நூலகமும் இந்தப் பெரிய கும்மட்டத்தையும், 1881-இல் முடிந்த சிறிய 12 அங்குலக் கும்மட்டத்தையும் இணைக்கும் நீளமான கட்டடத்தில் இருக்கின்றன. கட்டடம் முடியும்வரை காத்திருக்காமல், 1882 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்ததை அங்கேயே படம் எடுத்துவிட்டார்கள்.

லென்ஸ் கதை தனிக் கதை. பாரிஸில் ஃபெய்ல் என்பவரின் பட்டறை கண்ணாடியை வார்த்தது. மாசசூசெட்ஸில் ஆல்வன் கிளார்க் குடும்பம் அதைத் தேய்த்தது. இரண்டு கண்ணாடி தேவை. ஒன்று சீக்கிரம் கிடைத்தது. மற்றொன்று வார்த்து வார்த்து உடைந்துகொண்டே இருந்தது, அதற்கே வருடங்கள் போயின. கட்டடக்காரர்களுக்கு அந்தத் தாமதம் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். கும்மட்டத்தை நிதானமாக முடிக்க நேரம் கிடைத்தது.

1888 ஜனவரி முதல் வாரத்தில் முதல் முறையாக வானத்தைப் பார்த்தார்கள். மலையில் கடும் குளிர். கும்மட்டம் உறைந்து நகர மறுத்தது. திறப்புக்கு நேரே எது வருகிறதோ அதைத்தான் பார்க்க முடிந்தது. பார்த்தால், படம் தெளியவில்லை. லென்ஸின் குவிதூரம், அதாவது ஒளி ஒரு புள்ளியில் கூடும் தூரம், கொடுத்த கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது, குழாய் நீளமாகிவிட்டது. வேறு வழி? இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து, உலகத்தின் மிகப் பெரிய லென்ஸ் தொலைநோக்கியின் குழாயை அறுத்தார்கள். கண் வைக்கும் முனை முன்னே வந்தது, படம் தெளிந்தது. அந்த வாரமே ஜேம்ஸ் கீலர் சனியின் வெளி வளையத்தில் நூல் போன்ற ஓர் இடைவெளியைப் பார்த்தார். 1892-இல் எட்வர்ட் பர்னார்ட் இதே தொலைநோக்கியில் வியாழனின் ஐந்தாவது நிலவைக் கண்டார். படம் எடுக்காமல், தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தே கண்டுபிடித்த கடைசி நிலவு அது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் படத்தில் சிக்கியவை.

அதிர்வை வென்றார்கள். அடுத்த எதிரி சூடு. இதற்கு வில்சன் மலையைச் சொல்ல வேண்டும், அதுவும் கலிபோர்னியாதான். 1917 நவம்பர் முதல் தேதி இரவு, லென்ஸுக்குப் பதிலாக 100 அங்குல முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடியை வைத்த தொலைநோக்கியை முதலில் வியாழனுக்குத் திருப்பியபோது ஒன்றுக்குப் பதிலாக ஆறேழு வியாழன் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தது. அந்த வானாய்வகத்தை நிறுவிய ஜார்ஜ் எல்லரி ஹேலுக்கு இடி விழுந்த மாதிரி. விசாரித்ததில், பகலில் வேலையாட்கள் கும்மட்டத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள், கண்ணாடி வெயிலில் சூடேறியிருந்தது. பின்னிரவில் கண்ணாடி ஆறிய பிறகு வேகா விண்மீனைப் பார்த்தார்கள், கூர்மையான புள்ளி. இதற்குப் பிறகு வந்த வானாய்வகங்களில் கும்மட்டத்தின் பாதி வேலை பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதான். பாலோமர் மலையில் இரட்டைச் சுவர்க் கும்மட்டமே கட்டினார்கள்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. கொடிமலை 833 மீட்டர்தான், ஆனால் உயரம் மட்டும் காரணம் இல்லை. நம்மைச் சுற்றி இருப்பது சூடான கடல். ஈரக்காற்று மலையில் மோதி ஏறி, ஆறி, மேகமாவது உச்சியிலேயே நடக்கிறது. மத்தியானத்துக்கு மேல் மேலே நின்றால் ஜார்ஜ்டவுனே மறைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹாமில்டன் மலை மூடுபனிக்கு மேலே நிற்கிறது. நம் மலை மேகத்துக்குள் நிற்கிறது. அப்புறம் வெளிச்சம்: கீழே ஜார்ஜ்டவுன், எதிரே பட்டர்வொர்த். லிக்குக்கும் இந்தத் தொல்லை வந்தது. சான் ஹோசே வளர்ந்தபோது, வானாய்வகத்துக்காக அந்த நகரம் தெருக்களில் மஞ்சள் சோடிய விளக்குகளை மாட்டியது. வானியலாளர்களால் அந்த ஒரே நிறத்தை மட்டும் வடிகட்டிவிட முடிந்தது. பினாங்கில் வானம் பார்க்க இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது, பாலேக் பூலாவ் பக்கம் பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. அது கடலோரம், மேற்கே திறந்த தொடுவானம். பிறை பார்க்க அதுதான் தேவை, மலை தேவையில்லை.

மலையும் தூணும் நேரில் பார்க்க ஆசை என்றால், கலிபோர்னியா வரை போக வேண்டாம். திருச்சிக்கு விமானம் ஏறுகிறவர்கள் கொடைக்கானல் போகலாம். அங்கே ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் 1899-இலிருந்து சூரிய வானாய்வகம் இருக்கிறது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். 1960 வாக்கில் அங்கே அமைத்த சூரியத் தொலைநோக்கியில் நீங்கள் எதிர்பார்க்கும் பெரிய கும்மட்டமும் குழாயும் இருக்காது. சூரியனைப் பகலில், வெப்பத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் 11 மீட்டர் கோபுரத்தின் மேல், தரைச் சூட்டைத் தாண்டிய உயரத்தில், இரண்டு கண்ணாடிகள் ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்புகின்றன. அந்த ஒளி நிலத்தடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் ஓடி, கடைசியில் ஓர் அடிக்கும் அகலமான சூரிய பிம்பமாக விழுகிறது. லிக்கில் 57 அடிக் குழாயைத் தூணில் தூக்கி நிறுத்தியவர்கள் போட்ட கணக்கை, இங்கே குழாயைப் பூமிக்குள் படுக்க வைத்துத் தீர்த்திருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, அதிர்வதற்கு உயரமும் இல்லை.